கடல் ஏறியதா, நிலம் இறங்கியதா?

அரியலூரிலிருந்து கடற்கரைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் அந்த வட்டாரத்தில் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கங்களின் சுவரில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தின் காரையில், மழைநீர் அரித்துக் குடைந்த களிமண் மேடுகளில், அம்மோனைட் என்னும் பழைய கடலுயிரியின் சுருள் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. "ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, பிறகு பின்வாங்கிவிட்டது" என்று பாடப்புத்தகமும் பத்திரிகைச் செய்தியும் இதற்கு விளக்கம் சொல்கின்றன. தவறில்லை, ஆனால் பாதி விளக்கம்தான். கடல் மட்டும் நடமாடியது, நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. இந்தப் பாறைகள் சொல்லும் கதையோ வேறு. ஒரு கடற்படுகையில் வண்டல் எங்கே சேரும், எவ்வளவு கனத்துக்குச் சேரும் என்பதை முடிவு செய்வது நிலத்தட்டுகளின் அசைவு. அந்த வண்டல் எப்போது மணலாக இருந்தது, எப்போது சுண்ணாம்பாக மாறியது என்பதில் கடல்மட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டும் எதிரெதிராக இழுத்த கட்டத்தில் இங்கே நிலத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது என்பது என் வாதம்.

கடலும் நிலமும் ஒன்றையொன்று எவ்வளவு எளிதாக மறைத்துவிடும் என்பதற்குப் பழைய பாறைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா–அந்தமான் நிலநடுக்கம் வந்தபோது, பெரிய நிக்கோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனை சுமார் 4 மீட்டர் அமிழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போயிற்று. அதே நாளில் வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பவளத்திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் செத்தன. நிலநடுக்கம் நடந்த செய்தியே தெரியாமல், அந்த இரண்டு கரைகளின் வண்டலை மட்டும் ஒருவர் பிற்காலத்தில் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் கடல் ஏறியது, இன்னோரிடத்தில் கடல் இறங்கியது என்றுதான் எழுதுவார். கடல் இரண்டையும் செய்யவில்லை. வண்டல் பதிந்து வைப்பது நிலத்துக்கும் நீருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டுமே. அந்த வித்தியாசத்தை யார் உண்டாக்கியது என்பதை அது நேரடியாகச் சொல்லாது.

ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது இன்றைக்கு 14.5 கோடி ஆண்டுகள் முதல் 6.6 கோடி ஆண்டுகள் வரைக்கும் முந்தைய காலத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட மிக உயரமாக இருந்தது. எவ்வளவு உயரம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. உச்சத்தில் சுமார் 250 மீட்டர் என்பது மேல்வரம்பான மதிப்பீடுகளில் ஒன்று. அதையே ஏற்றுக்கொள்வோம். அந்த நீராழம் முழுவதையும் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் நிரப்பியதாகவும் வைத்துக்கொள்வோம். வண்டல் நீரைவிட எடை கூடியது என்பதால் அதன் பாரத்தில் அடிப்பாறை மேலும் அமிழ்ந்து கூடுதல் இடம் கிடைக்கும். ஒரு மீட்டர் நீர் இருந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வரை வண்டல் கொள்ளும். எப்படிப் பெருக்கினாலும் மொத்தம் அறுநூறு, எழுநூறு மீட்டரைத் தாண்டாது. ஆனால் காவிரிப் படுகையின் ஆழமான பள்ளங்களில் படிந்திருக்கும் வண்டலின் கனம் 5 கிலோமீட்டருக்கும் மேல். மிச்சமுள்ள நாலாயிரத்துச் சொச்சம் மீட்டருக்கு யார் இடம் கொடுத்தது? படுகையின் அடித்தளமே கீழே இறங்கியிருந்தால் ஒழிய அதற்கு வழியில்லை.

அந்த இறக்கம் கோண்டுவானா பெருநிலம் உடைந்தபோது தொடங்கியது. இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த காலம் அது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலங்களை இழுத்த விசை, இன்றைய புதுச்சேரி முதல் மன்னார் வளைகுடா வரையிலான மேலோட்டைப் பல கோடுகளில் கிழித்தது. இரண்டு கிழிசல்களுக்கு நடுவே இருந்த துண்டு சரிந்து பள்ளமானது. பக்கத்துத் துண்டு மேடாக நின்றது. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் என்று ஊர்ப் பெயர்களோடு இன்று வரைபடங்களில் இருக்கும் பள்ளங்கள் இப்படிப் பிறந்தவை. கும்பகோணம்–மாதனம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடுகள் அவற்றைப் பிரிக்கின்றன. தஞ்சைச் சமவெளியில் நடந்து போகிறவருக்கு இந்த மேடும் பள்ளமும் எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் வண்டல் மூடித் தட்டையாக்கிவிட்டது. மேலோடு இழுபட்டு மெலிந்தால் முதலில் வேகமாக அமிழும். பிறகு, அடியிலிருந்து ஏறிவந்த வெப்பம் தணியத் தணிய, பல கோடி ஆண்டுகளுக்கு மெதுவாக அமிழ்ந்துகொண்டே இருக்கும். டான் மெக்கென்சி என்ற பிரிட்டிஷ் புவியியற்பியலாளர் 1978-இல் இதைச் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். இழுவை நின்ற பிறகும் ஒரு படுகை ஏன் வண்டலுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இதுவரை இல்லை.

படுகையின் மேற்கு விளிம்பில் இந்த வரலாறு தரைக்கு மேலேயே தெரிகிறது. மிகப் பழைய அடுக்கு தெரணியில் உள்ள வெண்களி. பீங்கான் தொழிலுக்காக வெட்டப்படும் அந்தக் களியில் இருப்பவை கடலுயிரிகள் அல்ல, செடிகளின் இலைப்பதிவுகள். பள்ளம் திறந்த முதல் கட்டத்தில் இங்கே நன்னீர்தான் இருந்திருக்கிறது. அதற்கு மேல் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் வருகிறது. கல்லக்குடி என்றதும் நமக்கு டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து 1953-இல் நடந்த ரயில் மறியல்தான் நினைவுக்கு வரும். டால்மியாபுரம் என்று பெயர் மாறியதற்குக் காரணமான ஆலை வந்தது, அங்கே ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் பவளமும் பாசியும் வளர்ந்து கட்டிய திட்டு ஒன்று பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்ததால்தான். அதற்கும் மேலே காரையின் களி. அம்மோனைட்டுகளும், துப்பாக்கித் தோட்டா வடிவிலான பெலெம்னைட்டுகளும் உள்ள, ஆழமான நீரில் அமைதியாகப் படிந்த களி. செடி, பிறகு பவளம், பிறகு ஆழ்நீர்க்களி என்ற இந்த வரிசையைப் பார்த்தால் கடல் படிப்படியாக உள்ளே வந்தது விளங்கும். அக்காலத்தில் உலகக் கடல்மட்டமும் ஏறிக்கொண்டிருந்தது, படுகையும் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காரணங்களும் ஒரே பக்கம் தள்ளும்போது எது எவ்வளவு தள்ளியது என்று பிரித்தறிவது கடினம். இந்த இடத்தில் உறுதியாகத் தீர்ப்புச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

உலகக் கடல்மட்டம் ஏன் ஏறி இறங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பனி உறைவதும் உருகுவதும் ஒரு காரணம். 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. பாக் நீரிணை முழுவதும் தரையாக இருந்தது. இது வேகமான மாற்றம், ஆயிரம் ஆண்டில் பத்து மீட்டர்கூட மாறலாம். இன்னொன்று மெதுவானது. நடுக்கடலில் புதிய மேலோடு பிறக்கும் நீண்ட முகடுகள் சுறுசுறுப்பாக இருக்கும்போது அந்த இளம் பாறை சூடாக, உப்பிய நிலையில் இருக்கும். கடலின் கொள்ளளவு குறைந்து நீர் கண்டங்களின் மேல் வழியும். கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் அவ்வளவு உயர்ந்ததற்கு இதையே பெரிய காரணமாகக் கருதுகிறார்கள். அதாவது, உலகக் கடல்மட்டம் என்று நாம் தனியாகப் பேசுவதில் ஒரு பெரும் பகுதிக்குக் காரணமும் நிலத்தட்டின் அசைவுதான்.

நிலத்தின் கைதான் ஓங்கியது என்பதை மறுப்பவர்களின் வாதம் வலுவானது. 1977-இல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் பீட்டர் வெய்லும் சகாக்களும், கடலடிப் பாறைகளுக்குள் ஒலி அலையை அனுப்பி எடுத்த படங்களை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உலகின் பல படுகைகளில் வண்டல் அடுக்குகள் ஒரே காலத்தில் அறுபடுகின்றன. வெவ்வேறு கண்டங்களின் நிலத்தட்டுகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் அசைய முடியாது. ஆகவே இந்த அறுபாடுகளுக்குப் பொதுவான காரணம் உலகக் கடல்மட்டமாகவே இருக்க வேண்டும் என்றார்கள். 1987-இல் பிலால் ஹக்கும் வெய்லும் இன்னொருவரும் சேர்ந்து 25 கோடி ஆண்டுகளின் கடல்மட்ட ஏற்ற இறக்கத்தை விளக்கப்படமாகவே வெளியிட்டார்கள். எண்ணெய் தேடுகிறவர்கள் அதைக் கையேடுபோல வைத்துக்கொண்டார்கள். ஓர் அறுபாடு கிடைத்தால் படத்தில் அதற்குப் பொருந்தும் இறக்கத்தைத் தேடினார்கள். பெரும்பாலும் கிடைத்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ மயால் 1992-இல் அதைச் சோதித்துப் பார்த்தார். உண்மைப் படுகைகளுக்குப் பதிலாக, எண்களைக் குலுக்கிப்போட்டு நான்கு கற்பனை அடுக்குவரிசைகளை உருவாக்கி அந்தப் படத்தோடு ஒப்பிட்டார். குறைந்தது 77 சதவீதப் பொருத்தம் வந்தது! நெருக்கமாகக் கோடு போட்ட படத்தில் எதை வைத்தாலும் பொருந்தும் என்றுதானே அர்த்தம்? யாருக்கும் பொருந்துகிறபடி ஜோசியம் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெய்லின் அடிப்படைக் கருத்தை மயாலின் சோதனை பொய்யாக்கிவிடவில்லை. தேதி பொருந்துவதை மட்டும் வைத்துக் கடல்மட்டத்தைக் குற்றவாளியாக்க முடியாது என்பதை அது நிறுவியது. தேதியைத் தவிர வேறு தடயம் வேண்டும்.

அப்படி ஒரு தடயம் திருச்சிக்கும் அரியலூருக்கும் நடுவே கிடைக்கிறது. 1850-களின் இறுதியில் இந்தப் பகுதியை நடந்து அளந்த ஹென்றி பிளான்போர்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாக வந்த தம் அறிக்கையில், இங்குள்ள கடற்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவர் கையில் ஒலி அலைப் படம் இல்லை. அடுக்குகளின் சாய்வையும் உள்ளே இருந்த கற்களையும் பார்த்தே எல்லை வகுத்தார். காரைக் களி அடங்கிய ஊட்டத்தூர்த் தொகுதியின் மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி ஒழுங்காகத் தொடர்ந்து படியவில்லை. கீழ் அடுக்குகள் சாய்ந்து, அரிக்கப்பட்ட பின்னரே மேல் அடுக்குகள் வந்து அமர்ந்திருக்கின்றன. மேல் தொகுதியில் கிரானைட் கூழாங்கற்களும் பாறைத்துண்டுகளும் நிறைய உண்டு. கரையோரத்தில் அடித்துவரப்பட்ட மரத்துண்டுகளும் உண்டு. சாத்தனூரில் பார்வையாளர்கள் பார்க்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம் இத்தொகுதியைச் சேர்ந்ததே. கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லும், மெருகு போட்டுத் 'திருச்சி மார்பிள்' என்று விற்கப்பட்ட கல்லும் இதே அடுக்குதான். அமைதியான ஆழ்நீர்க்களி போய், கூழாங்கல்லும் மரமும் வந்து விழும் கரையாக இந்த இடம் மாறியிருக்கிறது.

இது நடந்த காலம் டூரோனியன், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். உலகக் கடல்மட்டம் கிரெட்டேசியஸ் காலத்தின் உச்சத்தைத் தொட்டதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். உலகம் முழுதும் கடல் கண்டங்களின்மேல் ஏறி நின்ற பருவத்தில் இங்கே கடல் ஆழம் குறைந்து, கரை நெருங்கி வருகிறது. நிலம் உயர்ந்தது என்பதைத் தவிர வேறெப்படி இதை விளங்கிக்கொள்வது? ஒரு மறுப்பு உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது: டூரோனியன் காலத்தின் பிற்பகுதியில் உலகக் கடல்மட்டம் சில பத்து மீட்டர்கள் இறங்கியதற்கும் பிற கண்டங்களில் சான்று இருக்கிறது, அந்த இறக்கமே இங்கும் பதிவாகியிருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். கரை நெருங்கியதற்கு அதுவும் உதவியிருக்கும். ஆனால் கடல்மட்டம் இறங்கினால் அடுக்குகள் அரிபடுமே தவிர, சாய மாட்டா. தண்ணீர் வற்றுவதால் எந்தப் பாறையும் ஒருபக்கமாகச் சரிவதில்லை. கிரானைட் துண்டுகள் ஏராளமாக வந்து விழுந்ததும் மேற்கே அடிப்பாறை உயர்ந்து, ஆறுகள் செங்குத்தாக இறங்கியதைக் காட்டுகிறது. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது இதே காலத்தை ஒட்டியே. உடுப்பிக் கடற்கரையை அடுத்துள்ள செயின்ட் மேரி தீவுகளின் எரிமலைப் பாறை அந்தப் பிரிவின் மிச்சம். மேற்குக் கரையில் நடந்த அந்த உடைப்பு கிழக்குக் கரைப் படுகையையும் தூக்கிச் சாய்த்தது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அந்தக் காரணம் சரியோ இல்லையோ, சாய்வு சாய்வுதான்.

நிலமே எல்லாம் என்று இதனால் சொல்லிவிட முடியாது. அரியலூர்த் தொகுதிக்கு வரும்போது கடல்மட்டத்தின் கை நன்றாகவே தெரிகிறது. கடல் மறுபடி மேற்கே பரவுகிறது. சில இடங்களில் கீழ்த் தொகுதிகளைத் தாண்டிப்போய் நேராகப் பழைய நைஸ் அடிப்பாறையின்மேலேயே அரியலூர் அடுக்குகள் உட்கார்ந்திருக்கின்றன. சில்லக்குடி மணற்கல்லுக்கு மேல் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் வருகிறது. ஆற்று வண்டல் குறைந்து நீர் தெளிந்த கடலில் சிப்பிகள் திட்டுத்திட்டாக வாழ்ந்த காலம் அது. சிமென்ட் ஆலைகள் இன்று வெட்டுவது அந்தத் திட்டுகளைத்தான். பிறகு மணல் கூடுகிறது, கிரெட்டேசியஸ் முடிகிற தறுவாயில் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கொண்ட மணலும் களியும் வருகின்றன. கடல் விலகி ஆற்றுச் சமவெளி வந்துவிட்டது. அதற்கு மேலே நின்னியூரில் மறுபடியும் கடற்சுண்ணாம்பு. இந்தக் கட்டங்களில் அடுக்குகள் பெரிதாகச் சாயவில்லை. வண்டலின் வகை மட்டும் மாறி மாறி வருகிறது. கிரெட்டேசியஸ் இறுதியில் கடல் இறங்கியது பிற கண்டங்களிலும் பதிவாகியிருக்கிறது. தட்டு சற்று ஓய்ந்திருந்ததால் கடல்மட்டத்தின் குரல் கேட்டது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாவதாக ஒரு காரணத்தை விட்டுவிட்டீர்களே, ஆறு எவ்வளவு மண்ணைக் கொண்டுவருகிறது என்பதும் முக்கியம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆறு அதிகமாகக் கொட்டினால், கடல் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரை கடலை நோக்கி நகரும். வங்காள விரிகுடாவில் இது கண்கூடு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. அப்படி வந்தது கடலடியில் பரவிச் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, இலங்கையையும் தாண்டித் தெற்கே போயிருக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான். ஆனால் அந்த மண் எங்கிருந்து வந்தது? இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி எழுப்பிய இமயத்திலிருந்து. மழையும் பனியும் அதை அரித்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் அரிப்பதற்கு மலை இருக்க வேண்டுமே! கரையோர வண்டலை ஆழ்கடலுக்கு அனுப்புவதில் கடல்மட்டத்துக்கும் பங்கு உண்டு. பனியுகங்களில் கடல் தாழ்ந்தபோது ஆற்றுமுகம் கண்டத்திட்டின் விளிம்புவரை போய், வண்டல் நேராகப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. அங்கேயும் சரக்கைக் கொடுத்தது தட்டு, அனுப்பும் நேரத்தைக் குறித்தது கடல்.

கடல்மட்டத்தை அளக்கும் அளவுகோலும் நிலத்தின் மேல்தான் நட்டிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அசையாத கரை என்று நம்பி அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் துளையிட்டுப் பழைய கடல்மட்டத்தைக் கணக்கிட்டார்கள். ஹக்கின் படத்தில் இருந்ததைவிட மிகக் குறைந்த உயரங்களே கிடைத்தன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கிலிருந்து அமிழ்ந்த ஒரு பழைய தட்டு பூமியின் உள்ளே கிழக்கு அமெரிக்காவுக்கு அடியில் இறங்கியபோது அந்தக் கரையையும் சேர்த்துக் கீழே இழுத்தது என்று 2008-இல் டீட்மார் முல்லரும் சகாக்களும் காட்டினார்கள். அப்போது அவர்கள் கணித்த கிரெட்டேசியஸ் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 170 மீட்டர் உயரம். நகராத கரை என்று உலகில் ஒன்று இல்லாதபோது, எந்த ஒரு கரையின் வண்டலையும் உலகக் கடலின் வரலாறாக வாசிப்பது ஆபத்து. பல கண்டங்களில் ஒரே சமயத்தில், அடுக்குச் சாய்வு இல்லாமல், நிகழ்ந்த மாற்றத்தை மட்டுமே கடல்மட்டத்தின் கணக்கில் எழுதலாம். அந்தக் கட்டுப்பாட்டோடு வாசித்தால் வெய்லின் கருத்துக்கும் இடமிருக்கிறது.

எண்ணெய் தேடுகிறவர்களுக்கு இது ஏட்டுச் சர்ச்சை அல்ல. காவிரிப் படுகையில் எண்ணெய்க்கு மூலமான கரிமப்பொருள் நிறைந்த களி பெரும்பாலும் பிளவுக்காலப் பள்ளங்களில்தான் சேர்ந்திருக்கிறது. ஆண்டிமடத்தின் பெயரைத் தாங்கிய அடுக்கு அப்படிப்பட்டது. எண்ணெய் தேங்குவதோ பெரும்பாலும் மேடுகளிலும் அவற்றின் சரிவுகளிலும். மன்னார்ப் படுகையின் இலங்கைப் பகுதியில் 2011-இல் எரிவாயு கிடைத்ததும் இதே பிளவின் தொடர்ச்சியில்தான். எங்கே துளையிடுவது என்பதற்குத் தட்டின் வரைபடமும், எந்த ஆழத்தில் மணல் இருக்கும் என்பதற்குக் கடல்மட்டத்தின் காலக்கணக்கும் தேவைப்படுகின்றன.

இந்த வாதத்துக்கெல்லாம் ஆதாரமாக இருப்பவை சில ஓடைக்கரைகளும் சில சுரங்கச் சுவர்களும். ஓர் அடுக்கு சாய்ந்திருக்கிறதா, அதன்மேல் அமர்ந்த அடுக்கு வேறு சாய்வில் இருக்கிறதா என்பதை அருங்காட்சியகப் பெட்டியில் வைத்த சிப்பியைப் பார்த்து யாரும் அறிய முடியாது. இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தையே பார்க்க வேண்டும். சுண்ணாம்பு தீர்ந்த சுரங்கங்கள் நீர் நிரம்பியோ மண் கொட்டியோ மூடிப்போகின்றன. மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு பக்கச் சுவரையாவது அப்படியே விட்டு, அடுக்குகளின் பெயரையும் வயதையும் தமிழில் எழுதிப் பலகை வைக்க ஆலைகளும் மாவட்ட நிர்வாகமும் முன்வர வேண்டும். காரையின் களிமேடுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். புதைபடிவம் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் உள்ளவர்கள் இனி அதைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரட்டும்.